சென்னை முதல் சென்னை வரை: குடும்பக் கப்பற்பயணத் திட்டமிடல் குறித்த ஓர் ஆய்வு

கடல்கடந் துற்ற கிளையொடு கூடிக்
கடல்மிசைச் செலவு கருதுங் காலை
நாளும் அறையும் நனிபகை யாகும்.

இது இவ்வாய்வாளர் இயற்றிய நூற்பா. என்னுதலிற்றோ எனின், வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த சொந்தக்காரர்களோடு கப்பலில் போகத் திட்டம் போட்டால் தேதியும் கேபினும் பெரும்பகை ஆகும் என்பது உணர்த்துதல் நுதலிற்று. இதற்கு உரை எழுத எந்த உரையாசிரியரும் முன்வராததால் உரையும் நானே.

கடற்பயணம் பற்றித் தொல்காப்பியத்தில் ஒரு விதி இருக்கிறது. கடல்வழியே போகிறவர்கள் பெண்களை உடன் அழைத்துப் போகும் வழக்கம் இல்லை என்று அகத்திணையியல் சொல்கிறது. இதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆய்வுநோக்கில் பதிவிட்டேன். டொராண்டோவிலிருந்து அக்கா ஒரே வரியில் மறுத்தாள்: "அவங்க காலத்துல டிக்கெட்ட யாருடா போட்டா?" நியாயமான மறுப்புதான். எங்கள் குடும்பத்தில் பாஸ்போர்ட் இருக்கும் அலமாரி, அப்பாவின் பிரஷர் மாத்திரை, வங்கி ஓடிபி மூன்றும் பெண்கள் வசம். விதிப்படி கிளம்பியிருந்தால் ஆண்கள் துறைமுக வாசலோடு திரும்பியிருப்போம். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று வகுத்த இடத்தில் மட்டும் தொல்காப்பியரோடு எனக்கு முழு உடன்பாடு. கடலைப் பார்ப்பதற்கு முன்பே நாங்கள் நிறைய இரங்கினோம்.

ஆய்வுக்களம்: "கப்பல்" என்ற பெயருடைய அந்த வாட்ஸ்அப் குழு. மாதிரி: 14 பேர். சென்னையில் நாங்கள் ஏழு பேர், அதில் மூத்தவர் அப்பாயி. டொராண்டோவில் அக்கா, அத்தான், மகன். சிட்னியில் தம்பி, அவன் மனைவி, மகள். பினாங்கிலேயே பிறந்து அங்கேயே தங்கிவிட்ட சித்தப்பா ஒருவர். ஆய்வுக்காலம் மே முதல் ஜூலை வரை. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணிக்கு. அப்போது டொராண்டோவில் காலை 10.30, அத்தான் தோசை ஊற்றிக்கொண்டிருப்பார். சிட்னியில் நள்ளிரவு 12.30, தம்பி ஊமையாக்கிய போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பான். முதல் மூன்று கூட்டங்களில் அவனுடைய மௌனத்தைச் சம்மதம் என்று பதிவு செய்தது இவ்வாய்வின் முறையியல் பிழை.

முதற்பகையான நாளை எடுத்துக்கொள்வோம். கனடாவில் பள்ளி விடுமுறை ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை. சிட்னியில் பெரிய விடுமுறை டிசம்பரில். ஜூலையில் குளிர்கால விடுமுறையாக இரண்டு வாரம் கொடுப்பார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே முடிந்து ஜூனில் பள்ளி திறந்துவிடும். ஆக ஆண்டின் நடுவில் மூன்று நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக விடுமுறை விழும் வாரம் ஒன்றுகூட இல்லை. அப்போது டொராண்டோவும் சிட்னியும் உரசிக்கொள்ளும் ஒரே இடம் ஜூலையின் முதல் பாதி. ஜூலை 17 வாக்கில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் அம்மா புது துடைப்பம்கூட வாங்கமாட்டாள். எஞ்சியது ஏறத்தாழ பத்து நாள். சென்னைப் பிள்ளைகளுக்கு அந்தப் பத்து நாளுக்குள் காய்ச்சல் வரும் என்று முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது.

இதில் கடலுக்கும் கொஞ்சம் பங்குண்டு. தென்மேற்குப் பருவக்காற்றில் மும்பைக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக்கரை ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும்; மும்பை உல்லாசக் கப்பல்கள் சென்னைப் பக்கம் எட்டிப்பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பருவத்தில்தான். எங்கள் பத்து நாள் அதற்குள் விழுந்தது திட்டமிடலின் வெற்றி அல்ல, தற்செயல்.

பத்து நாளுக்குள் கிழமை பார்க்க வேண்டும். இங்கே அப்பா தினசரிக் காலண்டரோடு ஆய்வுக்குள் நுழைகிறார். திங்களும் சனியும் கிழக்கே சூலம். சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் எந்தக் கப்பலும், விசாகப்பட்டினம் போனாலும் இலங்கை போனாலும், முதலில் கிழக்கே போயாக வேண்டும். மேற்கே போனால் பாரிமுனை. அப்பா இதற்கு வரலாற்றுச் சான்றும் வைத்திருந்தார். எம்ப்ரஸ் என்ற உல்லாசக் கப்பலைச் சென்னையில் முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பியது 2022 ஜூன் 4. சனிக்கிழமை. அதே மாதம் புதுச்சேரிக்குப் போன அந்தக் கப்பலுக்கு அங்கே இறங்க அனுமதி கிடைக்கவில்லை. "பாத்தியா?" என்றார். கேசினோ பற்றிய சர்ச்சை, அரசு அனுமதி என்று செய்தித்தாளில் வந்த காரணங்களை நான் எடுத்துச் சொன்னேன். "அதெல்லாம் மேலுக்குச் சொல்றது" என்று முடித்துவிட்டார். காரணகாரியத் தொடர்பைப் பற்றிய இந்த அணுகுமுறை பல்கலைக்கழகங்களிலும் உண்டு என்பதால் நான் வாதத்தை நீட்டவில்லை. எங்களுக்குக் கிடைத்த கப்பலோ திங்கட்கிழமைக் கப்பல். கிழக்குச் சூலத்துக்குப் பரிகாரம் தயிர். கிளம்பும் முன் 14 பேரும் ஆளுக்கொரு ஸ்பூன் தயிர் சாப்பிடுவது என்று ஒருமனதாக முடிவானது. மூன்று மாதத்தில் ஒருமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் இது.

இலங்கையா, நடுக்கடலா என்ற கேள்வியை விரைவாகக் கடந்துவிடலாம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று கப்பல் ஓடியபோதே அக்காவுக்கு ஆசை. ஆனால் 14 பேரிடமும் இருப்பது நான்கு நாட்டுப் பாஸ்போர்ட். இந்தியாவுக்கு விசாவில் வந்த சித்தப்பா இலங்கை போய்த் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு. விசாவில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சித்தப்பா விசாவை போட்டோ எடுத்து அனுப்பினார். தலைகீழாக. அதோடு இலங்கை கைவிடப்பட்டது. சென்னையில் ஏறி, இரண்டு இரவு கடலில் மிதந்து, சென்னையிலேயே இறங்குவது என்று ஆயிற்று.

இரண்டாம் பகை அறை. கப்பலில் அறைகள் ஜன்னலில்லாத உள்ளறை, ஜன்னல் வைத்த கடல்பார்வை அறை, பால்கனி அறை என்று ஏறிக்கொண்டே போகும். உறவும் அதே படிகளில் இறங்கிக்கொண்டே வரும். அத்தான் எக்செல்லில் நான்கு பால்கனி அறை போட்டு அனுப்பினார். டாலரில் பார்த்தால் அவருக்கு அது சின்னத் தொகை, ரூபாயில் பார்த்த அப்பாவுக்கு அது ஒரு கிரவுண்டின் மூலை. "ரெண்டு ராத்திரிக்குத்தானே போறோம்? ராத்திரில ஜன்னல் வழியா என்ன தெரியும்?" என்று கேட்டார். தர்க்கத்தில் ஓட்டையில்லை. அத்தான் உடனே "காசு நான் குடுக்கறேன்" என்றார். தம்பி தூக்கத்திலிருந்து எழுந்து "நான் குடுக்கறேன்" என்றான். "என் வீட்டுக்கு வந்தவங்க நீங்க" என்று நானும் சபையில் குதித்தேன். இப்படி மூன்று பேர் விட்டுக்கொடுக்காமல் பத்து நாள் மல்லுக்கட்டியதில் யாரும் கொடுக்கவில்லை. கப்பல் டிக்கெட் விமான டிக்கெட் மாதிரிதான். இடம் குறையக் குறைய விலை ஏறும். எங்கள் பெருந்தன்மையின் விலையை அந்தப் பத்து நாளில் அறிந்துகொண்டோம்.

இங்கே ஓர் அறிவியல் உண்மையைப் பதிவு செய்ய வேண்டும். கப்பல் ஆடும்போது மிகக் குறைவாக ஆடும் இடம் அதன் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கிறது. விலை குறைந்த அறைகளும் பெரும்பாலும் கீழேதான். மேல்தளத்தில் முன்கோடியில் இருக்கும் அறை, அதிகப் பணத்துக்கு அதிக ஆட்டத்தையும் சேர்த்துத் தரும். வாந்திக்காரர்கள் யார் யார் என்ற பட்டியலை அம்மா 1990களின் ஏற்காடு பஸ் பயணத்திலிருந்து நினைவாகச் சொன்னாள். அத்தான் பெயர் முதலில் இருந்தது. கடைசியில் மூன்று உள்ளறையும், அத்தான் பிடிவாதமாகத் தன் காசில் போட்ட ஒரு பால்கனி அறையும் முடிவாயின.

இவ்வளவு பாடு எதற்கு? ஆய்வின் மையக் கருதுகோள் இங்கேதான் வருகிறது. வெளிநாட்டுச் சொந்தம் மூன்று வாரத்துக்கு வருகிறது என்றால் அது மூன்று வாரம் அல்ல. அக்காவுக்கு முதலில் திருச்சி மாமியார் வீடு. பிறகு பல் டாக்டர், பிளவுஸ் தைக்கிற கடை, வைத்தீஸ்வரன் கோயில், வராத கல்யாணத்துக்கெல்லாம் மொய். நம் வீட்டில் உட்காரும்போதும் கண் வாசலில் இருக்கும். "அங்க போகலைன்னா தப்பா நெனப்பாங்க" என்று கிளம்பிவிடுவாள். போன தடவை அவள் எங்களோடு முழுதாக இருந்தது ஜெட்லாக்கில் தூங்கிய ஒரு நாள்தான். கப்பலில் இது நடக்காது. சம்பந்தி கார் அனுப்ப முடியாது. வந்த உறவினர் அடுத்த உறவினர் வீட்டுக்கு எழுந்து போக முடியாத ஒரே இடம் நடுக்கடல். பஃபே, நீச்சல்குளம், மேஜிக் ஷோ எல்லாம் அந்தச் சிறைக்கு அடித்த வெள்ளை.

இந்தக் கருதுகோளுக்குக் கடும் எதிர்ப்பு அப்பாயியிடமிருந்து வந்தது. அப்பாயி கப்பல் அறியாதவர் அல்ல. எஸ்.எஸ். ராஜுலா 1926ல் கட்டப்பட்ட கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஆட்களைச் சுமந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது; படகில் போய்த்தான் ஏற வேண்டும். கைக்குழந்தையான அப்பாவோடு அப்படி ஏறியவர் அப்பாயி. டிக்கெட்டிலேயே மலிவானது டெக். பாயை விரித்து, டிரங்குப் பெட்டியை எல்லையாக வைத்து, காற்றும் கடலுமாகக் கிடக்க வேண்டும். அன்றைக்குப் போக்கிடம் இல்லாதவர்களுக்குக் கிடைத்த அந்தக் காற்றுக்குத்தான் இன்றைக்குப் பால்கனி என்று பெயர் வைத்து அத்தானிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்.

"எந்த ஊருக்குப் போறோம்?" என்று கேட்டார் அப்பாயி.

"எந்த ஊருக்கும் இல்ல அப்பாயி. கடலுக்குள்ள போயிட்டுத் திரும்பிடுவோம்."

"எறங்கவே மாட்டோமா?"

"மாட்டோம்."

"அதுக்கு எதுக்குடா ஏறணும்?"

கப்பற்சுற்றுலாத் துறை முழுவதையும் நோக்கிய இக்கேள்விக்கு இவ்வாய்வாளரிடம் அன்று பதில் இல்லை.

கள ஆய்வு திட்டமிட்டபடி திங்கட்கிழமை தயிருடன் தொடங்கியது. கப்பலில் ஏறியதும் ஆபத்துக்கால ஒத்திகை; ஏழு குட்டை ஊதல், ஒரு நெட்டை ஊதல். டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914ல் பிறந்த சர்வதேச உடன்படிக்கையின் வழிவந்த ஏற்பாடு இது என்று நான் விளக்கத் தொடங்கினேன். "கெளம்பற நேரத்துல மூழ்கறதப் பத்திப் பேசாத" என்றாள் அம்மா. கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் போன்களில் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அத்தான் சிக்னல் தேடி ஒவ்வொரு தளமாக ஏறி இறங்கி, முதல் இரவே அம்மாவின் பட்டியலில் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார். அவருடைய பால்கனி இரண்டு நாளும் பிள்ளைகளின் நீச்சலுடை காயப் பயன்பட்டது.

இரண்டாம் இரவு மேஜிக் ஷோவுக்கு யாரும் போகவில்லை. அப்பாயியின் ஜன்னலில்லாத அறையில் 14 பேரும் இருந்தோம். கட்டிலில் நாலு பேர், சுவரிலிருந்து இறக்கிய மேல்கட்டிலில் பிள்ளைகள், மீதிப் பேர் தரையில். சித்தப்பா நடைபாதையில் காலை நீட்டிக்கொண்டிருந்தார். அக்கா வாசலைப் பார்க்கவே இல்லை. அப்பாயி சுற்றிப் பார்த்துவிட்டு, "ராஜுலா டெக்கு இப்படித்தான் இருக்கும்" என்றார். டிரங்குப் பெட்டிதான் இல்லை. 23 கிலோ சூட்கேஸ் இருந்தது.

காலையில் சென்னை தெரிந்ததும் எல்லா போனும் ஒரே நேரத்தில் அடித்தன. திருச்சியிலிருந்து அனுப்பிய கார் துறைமுக வாசலில் காத்திருந்தது.

அடுத்தது டிசம்பரில் என்கிறான் தம்பி. மார்கழியில் எதுவும் தொடங்கக் கூடாது என்கிறார் அப்பா. பெரிய விடுமுறை எங்களுக்கு அப்போதுதான் என்கிறது சிட்னி. மாற்றுக் கருத்துடைய ஆய்வாளர்கள் ஞாயிறு இரவு 8 மணிக்குக் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். டிசம்பரில் சிட்னி கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போய்விடும். தம்பிக்கு அது பின்னிரவு 1.30. அவன் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சம்மதம் என்று மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளாதீர்கள்.