சம்பளமில்லாத டியூட்டி ஆபீசர்

ஆகாசவாணி நிலையங்களில் டியூட்டி ரூம் என்று ஓர் அறை உண்டு. அதில் டியூட்டி ஆபீசர் என்று ஒருவர் இருப்பார். ஒலிபரப்பாவதை எல்லாம் கேட்டு, எந்த நிகழ்ச்சி எத்தனை விநாடி தாமதம், எங்கே ஒலி அறுந்தது, அறிவிப்பாளருக்கு எங்கே நாக்கு புரண்டது என்று பதிவேட்டில் குறித்துவைப்பது அவர் வேலை. அதற்குச் சம்பளம் உண்டு. ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். வீட்டில் டிவி பார்த்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

நேயருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விடியற்காலை 5.55-க்கு நிலையம் கண் விழிக்கும் முன்பே அவர் விழித்திருப்பார். இன்றைய செக் நாட்டில் பிறந்து, ஹிட்லர் காலத்தில் பம்பாய்க்கு வந்து சேர்ந்த யூத இசைஞர் வால்டர் காஃப்மன் சிவரஞ்சனிச் சாயலில் அமைத்த தொடக்க இசை வருகிறதே, அது நம் நேயருக்குச் சுப்ரபாதம் அல்ல, ஆஜர் மணி. இரவு கடைசி அறிவிப்பு முடிந்து வெறும் இரைச்சல் வரும்வரை பணியில் இருப்பார். வார விடுமுறை கிடையாது. பதிவேட்டுக்குப் பதில் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு.

டீக்கடையிலும் வயல் வரப்பிலும் காதில் விழுந்ததைக் கேட்டுவிட்டுப் போகிறவர்களை இவர் நேயர் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்கள் பொதுஜனம். கேட்டதற்குச் சாட்சியாக ஒரு கார்டு போட்டவன்தான் நேயர்.

வீட்டில் முன்னறை ஜன்னல் திண்டில் ரேடியோ சாய்வாக ஒரு கோணத்தில் உட்கார்ந்திருக்கும். மீடியம் வேவ் பெட்டிக்குள் ஃபெரைட் கம்பி ஒன்று கிடையாகக் கிடக்கிறது. அது நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்காகத் திரும்பியிருந்தால்தான் ஒலி தெளிவாக வரும். இந்த விஞ்ஞானம் தெரியாத வேலைக்காரம்மா ஒருநாள் தூசி தட்டுகிறேன் என்று பெட்டியை நேராக்கி வைத்துவிட்டாள். அன்று மத்தியானம் வந்த இரைச்சலுக்கு நிலையத்தைக் குற்றம் சாட்டி இரண்டு கார்டு போய்விட்டது. உண்மை தெரிந்ததும் திண்டில் சாக்பீஸால் கோடு கிழித்தார். அந்தக் கோட்டைத் தாண்டித் துடைப்பம் போகாது.

அடுத்த எதிரி எல்.இ.டி. பல்பு. மலிவான பல்புகளும் செல்போன் சார்ஜர்களும் மீடியம் வேவில் கரகரப்பை உண்டாக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக 7.15 செய்திக்கு முன்னால் அக்கம்பக்கத்து வீடுகளில் போய், "தம்பி, பத்து நிமிஷம் லைட்ட அணைச்சுக்கிறீங்களா, ரேடியோ செய்தி" என்று கேட்கும் தைரியம் யாருக்கு வரும்? முதலில் தெரு முறைத்தது. பிறகு, பெரியவர் மனசு நோகவேண்டாமே என்று அணைக்க ஆரம்பித்தது. இப்போது கரண்ட் போனால், "தாத்தாவுக்கு நியூஸ் ஆரம்பிச்சிருச்சு போல" என்கின்றன பிள்ளைகள்.

அலைவரிசைகள் அவருக்கு மனப்பாடம். சென்னை 720, திருச்சி 936, கோவை 999, திருநெல்வேலி 1197. பேரன் எத்தனையாவது படிக்கிறான் என்று கேட்டால் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார். நிலையங்களின் பிறந்தநாளும் தெரியும். சென்னைக்கு 1938 ஜூன் 16. திருச்சிக்கு 1939 மே 16. திருநெல்வேலிக்கு 1963 டிசம்பர் 1. அந்தந்த நாளில் வாழ்த்து அட்டை போகும், வீட்டில் பாயசம் உண்டு. "இவரு கூடப்பொறந்தவங்க பொறந்தநாளுக்கு ஒருநாளும் சர்க்கரை வாங்கிட்டு வந்ததில்ல" என்று அம்மாள் சொல்வதை நோட்டில் குறிப்பதில்லை.

நிலையத்தின்மேல் அவருக்கு இருக்கும் உரிமை எங்கிருந்து வந்தது? பீரோவைத் திறந்து காட்டுவார். பத்திரம், ரேஷன் கார்டு இவற்றோடு ரேடியோ லைசென்ஸ் புத்தகமும் இருக்கும். ஒரு காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீசுக்குப் போய் வருஷாவருஷம் கட்டணம் கட்டி முத்திரை வாங்க வேண்டும். 1980-களில் அதை எடுத்துவிட்டார்கள். நாடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. இவர் மட்டும் வருத்தப்பட்டார். "காசு கட்டினவன்னு ஒரு கேள்வி கேக்குற பாத்தியதை இருந்துச்சு. அதையும் புடுங்கிட்டான்."

பரம்பரை உரிமையும் உண்டு. 1960-களில் தஞ்சாவூர் ஜில்லாவில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தபோது, திருச்சி வானொலி அதைப் பற்றி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. விவசாயிகளுக்கு ரகத்தின் எண் நினைவில் நிற்கவில்லை. "ரேடியோவில சொன்னானே, அந்த நெல்லு குடு" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். ரேடியோ நெல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு நிலையத்துக்கு வந்த நேயர் கருத்துகளிலேயே உயர்ந்தது அதுதான் என்பது என் எண்ணம்: கார்டில்லை, கையெழுத்தில்லை, வயல் முழுக்கப் பச்சை. நம் நேயரின் அப்பாவும் அந்த நெல்லைப் போட்டவர். இவர் போடுவது கார்டு.

இளமையில் இவருடைய வீச்சு இன்னும் பெரிது. சிற்றலையில் வெளிநாட்டு நிலையங்களைத் தேடிப் பிடித்து அறிக்கை அனுப்பும் வழக்கம் உலகம் முழுக்க உண்டு. அதற்குச் சின்போ என்று ஒரு கணக்கு: சிக்னல் வலிமை, குறுக்கீடு, இரைச்சல், அலை பரவிய விதம், மொத்தத் தரம் என்று ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். அறிக்கை சரியாக இருந்தால், கேட்டதை உறுதிசெய்து நிலையம் கியூ.எஸ்.எல். என்ற அழகான அட்டை அனுப்பும். 1963-இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிய சீன வானொலியிலிருந்து காலண்டர் வரும், புக் மார்க் வரும். பெய்ஜிங் முத்திரையோடு உறை வந்தால் தபால்காரர் வாசலில் நின்று சற்றுச் சத்தமாகவே கூப்பிடுவார். ஊரில் ஒரு மாதம் மதிப்பு. அந்தப் பழக்கத்தில் மிஞ்சியது மதிப்பெண் போடும் கை ஒன்றுதான். உள்ளூர் நிலையத்துக்கும் சின்போ போடுவார். சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் மைக் செட் கேட்டுவிட்டு, "நாலு, மூணு, ரெண்டு, நாலு, மூணு" என்று சொன்னதைச் சம்பந்தி ஏதோ சீர்வரிசைக் கணக்கு என்று எடுத்துக்கொண்டு முகம் சுண்டிப்போனார்.

மன்றத்தைச் சொல்லாமல் விட்டால் குற்றமாகிவிடும். எந்த மூத்த நேயரும் தனி ஆளாக எழுதுவதில்லை. அவருக்குப் பின்னால் ஒரு வானொலி நேயர் மன்றம் இருக்கும். லெட்டர் பேடு உண்டு, வட்ட வடிவ ரப்பர் ஸ்டாம்பு உண்டு. தலைவர் இவர். செயலாளர் இவர் மனைவி. பொருளாளராக இருக்கும் மகன் பத்து வருஷமாகச் சார்ஜாவில் இருக்கிறான்; தான் பொருளாளர் என்று அவனுக்குத் தெரியாது. நிர்வாகக் குழுக் கூட்டம் தினமும் இரவு சாப்பாட்டின்போது நடைபெறும். ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறும்.

இனி கடிதக் கலை. கார்டு விலை 50 காசு. 50 காசில் இத்தனை எழுத்தை ஏற்றமுடியும் என்று அஞ்சல் துறை கனவிலும் நினைத்திருக்காது. முகவரிப் பக்கத்திலும் ஓரமாக இரண்டு வரி ஏறியிருக்கும். தொடக்கம் மாறாது: பெருமதிப்பிற்குரிய நிலைய இயக்குநர், நிகழ்ச்சி நிர்வாகி, அறிவிப்பாளர்கள், பொறியாளர்கள், மற்றும் நிலையக் குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம். இதற்குள் கால் கார்டு காலி. பிறகு நிகழ்ச்சி. "வீடும் வயலும் நிகழ்ச்சியில் வெள்ளாடு வளர்ப்பு பற்றிய உரை கேட்டேன். தேன் வந்து பாய்ந்தது." வெள்ளாட்டுக்கும் தேனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது. அது மரபு.

தேன் பாய்வதற்கு ஒரு காரணம் உண்டு. நேயர் கடிதங்களுக்கென்று வரும் நிகழ்ச்சியை ஒரு மாதம் தொடர்ந்து கேட்டால் உங்களுக்கும் புரிந்துவிடும். பாராட்டுதான் பெரும்பாலும் வாசிக்கப்படும். குறை சொல்லி எழுதினால், "உங்கள் ஆலோசனை பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வாக்கியம். பெரும்பாலும் அதுவும் இல்லை. இவர் வருஷக்கணக்கில் கேட்டு இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு கார்டு. ஒன்று வாசிக்க, இன்னொன்று ஃபைலில் வைக்க. வாசிக்கும் கார்டில், "நேற்றைய நாடகம் நெஞ்சை உருக்கியது." வைக்கும் கார்டில், "நேற்றைய நாடகம் நான்காவது முறையாக மறு ஒலிபரப்பு. கதாநாயகி சாகும் இடத்தில் பின்னணியில் யாரோ இருமுகிறார்கள். மூன்று முறையும் சுட்டிக்காட்டினேன். இன்னும் இருமுகிறார்கள்."

இதில் நான் நிலையத்தைத்தான் குறை சொல்வேன். ஒருவர் பொய் சொல்லக் கற்றுக்கொண்டாரென்றால், மெய்யை யாரோ வாங்கிக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம். அந்த இருமலை இந்தத் தமிழ்நாட்டில் கவனித்தது இவர் ஒருவராகத்தான் இருக்கும். அவருக்கு ஒரு பதில் போட்டிருக்கலாம்.

நாடகம், உரை, தேன் எல்லாம் இருக்கட்டும். கடிதம் வாசிக்கப்படும்போது அவர் உண்மையில் காத்திருப்பது ஒரு சொல்லுக்குத்தான்: ஊர்ப்பெயர். ரேஷன் கடை போர்டிலும் பஸ்ஸின் பெயர்ப் பலகையிலும் மட்டுமே இருக்கும் அந்தக் குக்கிராமத்தின் பெயர் காற்றில் ஏறி ஏழெட்டு ஜில்லாவில் இறங்கும். இது தமிழனுக்கு மட்டும் உள்ள ஆசை அல்ல. இன்றைய ஜார்க்கண்டில் ஜும்ரி தலையா என்று ஒரு சிறு நகரம். இலங்கை வானொலியின் இந்திப் பாட்டு நிகழ்ச்சிகளுக்கு அங்கிருந்து குவிந்த விருப்பக் கடிதங்களால் அந்தப் பெயர் வடநாடு முழுக்கப் பிரசித்தமானது. அப்படி ஓர் ஊர் நிஜமாகவே இருக்கிறதா என்று சந்தேகப்பட்டவர்கள்கூட உண்டு. நம்மவர் லட்சியமும் அதுதான். இடைஞ்சல் என்னவென்றால், புதிய அறிவிப்பாளர்களுக்கு அந்த ஊர்ப்பெயரில் குறில் நெடில் தடுமாறும். திருத்தி ஒரு கார்டு, திருத்தியதற்கு நன்றி சொல்லி ஒரு கார்டு. நன்றிக் கார்டை வாசிக்கும்போது பெயரை மறுபடி தப்பாகச் சொல்வார்கள்.

நேரலைத் தொலைபேசி நிகழ்ச்சி வந்த பிறகு தபால் காத்திருப்பு போயிற்று. புதிய கஷ்டம் வந்தது. "வணக்கம் ஐயா, உங்க ரேடியோவைக் கொஞ்சம் அணைச்சிட்டுப் பேசுங்க" என்பார் அறிவிப்பாளர். ரேடியோ ஒலி போனுக்குள் புகுந்து மறுபடி ரேடியோவில் வந்தால் ஊய் என்று கூவும் என்பது அவருக்குத் தெரியாதா? சின்போ போட்டவர். ஆனால் அணைத்துவிட்டால் தன் குரல் ரேடியோவில் வருவதை அவர் எப்போது கேட்பது? கடைசியில் செயலாளர் டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் நின்று கேட்பது என்று தீர்மானமாயிற்று.

"வந்துச்சாடி?"

"வந்துச்சுங்க. ஒங்க தும்மலும் வந்துச்சு."

இப்போது நியூஸ் ஆன் ஏர் செயலியில் பல நிலையங்களை எங்கிருந்தும் கேட்கலாம். துபாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும் நிலையத்து வாட்ஸ்அப்புக்குக் குரல் பதிவு வருகிறது. அவற்றை உடனே ஒலிபரப்புகிறார்கள். இவருக்கு அதில் ஒப்புதல் இல்லை. "செயலியில கேக்கறவனுக்கு அரை நிமிஷம் பிந்தித்தான் வரும். அவன் கேக்கறது நேத்தைய சோறு." தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' சொல்லிவந்த காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவார். அதில் வந்த கதைகளில் ஒன்றாவது தான் எழுதிப் போட்டது என்று சொல்லாத மூத்த நேயரை நான் பார்த்ததில்லை. நம்மவர் கணக்கில் மூன்று.

ஒரு நிலையத்தில் நடந்ததாக எனக்கு வந்த கதை ஒன்று. உண்மையோ, நேயர்கள் கட்டியதோ, நிலையத்தின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். வேலைக்குப் புதிதாக வந்த பகுதிநேர அறிவிப்பாளர் பெண்ணுக்கு இந்த இரட்டைக் கார்டு முறை தெரியவில்லை. மேஜைமேல் கிடந்ததை எடுத்தாள். அது வைக்கும் கார்டு. இருமலிலிருந்து ஆரம்பித்து, செய்தி நாற்பது விநாடி பிந்தியது, மழை வெளுத்துக்கட்டிய நாளில் "வானம் தெளிவாகக் காணப்படும்" என்றது, ஒரே இசைத்தட்டை வாரத்தில் மூன்று நாள் போட்டது என்று கடைசி வரி வரை, தலைவர் பெயரும் மன்றத்தின் பெயரும் ஊரும் சேர்த்து, கணீரென்று வாசித்துவிட்டாள். ஊர்ப்பெயரில் குறில் நெடில் எல்லாம் கச்சிதம்.

தெருவில் கைதட்டினார்கள். டீக்கடையில், "சரியான போடு போட்டீங்கய்யா" என்றார்கள். பெரியவர் யாரிடமும் பேசவில்லை. வெளி ஆட்களுக்கு முன்னால் நம் நிலையத்தை இப்படிச் சந்தி சிரிக்க வைத்துவிட்டார்களே என்று அவருக்கு ஆறவில்லை. ராத்திரி மோர் சாதத்தின்போது அவசரக் கூட்டம் கூடியது. புதுக் கார்டு ஒன்றை எடுத்து மளமளவென்று எழுதி, மனைவி பக்கம் நகர்த்தினார்.

"இதுல கையெழுத்துப் போடு. செயலாளர்னு இருக்கு பாரு, அதுக்கு மேல."

"என்னங்க எழுதியிருக்கு?"

"நம்ம நிலையத்தை ஒருத்தன் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கான். அதுக்கு மன்றத்தின் சார்பில் கண்டனம்."

"யாரு அவன்?"

"தலைவரு" என்றார். "நெடில் எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடு."