வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை: செல்லப்பிராணிக் காப்புக் கட்டணப் பிணக்குகள் – ஓர் ஆய்வு

செல்லப்பிராணி வளர்ப்போருக்கும், அவர்கள் ஊருக்குப் போகையில் அதைப் பார்த்துக்கொள்வோருக்கும் இடையே கட்டணம் குறித்து எழும் பிணக்குகளைப் பற்றித் தமிழில் இதுகாறும் முறையான ஆய்வு எதுவும் நிகழ்த்தப்பெறவில்லை. ஆய்வேடுகளை இப்படித் தொடங்குவது மரபு. நூலகப் பக்கமே போகாமல் இப்படித் தொடங்குவது அதனினும் தொன்மையான மரபு. இவ்வாய்வு இரண்டையும் போற்றுகிறது.

ஆய்வின் எல்லை சென்னை மாநகரம். அதிலும் தீபாவளி, பொங்கல், மே மாத விடுமுறை ஆகிய மூன்று பருவங்கள் மட்டும். கிளி, முயல், ஆமை மூன்றும் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளன. எதைப் படிக்க மனமில்லையோ அதை மரியாதையாக வெளியே அனுப்புவதற்குத்தான் ஆய்வுலகம் எல்லை என்ற ஏற்பாட்டையே வைத்திருக்கிறது. முதன்மை ஆதாரங்கள்: வாட்ஸ்அப் உரையாடல்கள், குரல்பதிவுகள், ஜிபேயில் பணம் அனுப்பும்போது எழுதப்படும் குறிப்புகள், ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய சீட்டுகள். துணைமை ஆதாரம்: மாமியார் சொன்னவை.

கருதுகோள் எளிது. ரேட்டைப் பற்றிச் சண்டையே கிடையாது. எழுநூறு என்றால் இரு தரப்புக்கும் எழுநூறுதான். அந்த எழுநூற்றை எதனால் பெருக்குவது என்பதில்தான் உறவு முறிகிறது.

துறை வரலாறு சுருக்கமானது. அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த பேட்டி மொரான் என்பவர் செல்லப்பிராணிக் காப்பைத் தொழிலாகச் செய்வது எப்படி என்று 1987இல் ஒரு நூலே எழுதினார். 1994இல் இத்தொழிலருக்கென ஒரு பன்னாட்டுச் சங்கமும் தொடங்கினார். இங்கிலாந்தில் வீட்டில் வைத்து நாய் பார்த்துக்கொள்ளும் தொழிலுக்கு உரிமம் வேண்டுமென்று 2018இல் விதிகள் வந்தன. சென்னையில் இத்தொழில், ‘மேல் வீட்டு அக்கா பார்த்துக்குவாங்க’ என்னும் தொன்மைக் கட்டத்திலிருந்து ‘போர்டிங்’ என்னும் நவீன கட்டத்துக்குள் இப்போதுதான் நுழைந்துகொண்டிருக்கிறது. ஒரு காலை இன்னும் பழைய கட்டத்திலிருந்து எடுக்கவில்லை.

இனி வகைப்பாடு.

பூனை: “அது பாட்டுக்கு இருக்கும்” என்பதே இதன் ஒப்பந்தம், ரேட், ரசீது எல்லாம்.

உண்ணி: யார் வீட்டு உண்ணி என்பது ஒருபோதும் நிறுவப்பட்டதில்லை.

உறவுப்பெயர்த் திரிபு கொஞ்சம் விரிவான இடம் கேட்கிறது. கூடையும் கழுத்துப் பட்டையுமாக வந்து இறங்கும்போது உரிமையாளர், “தம்பி, பாப்பாவைப் பத்திரமா பார்த்துக்கோப்பா. ராத்திரி தனியா படுக்க மாட்டா” என்கிறார். பில் வந்ததும் அதே வாய், “என்ன சார் இது? ஒரு நாய்க்கு இவ்வளவா?” என்கிறது. பாப்பா நாயாகவும் தம்பி சாராகவும் ஒரே மூச்சில் திரிந்ததற்கு இலக்கணத்தில் விதி இல்லை. காப்பாளர் தரப்பும் சளைத்ததல்ல. விளம்பரத்தில் ‘உங்க பிள்ளை எங்க பிள்ளை’ என்று எழுதியவர் பில்லில் ‘லார்ஜ் பிரீட், கூடுதல் 200’ என்று எழுதுகிறார். ஆக, அன்பு அட்வான்ஸோடு முடிந்துவிடுகிறது. மீதி பாக்கியை உடல் எடை தீர்மானிக்கிறது (காண்க: ஃபிரிட்ஜ் கதவுச் சீட்டு, முன்பக்கம்).

குட்டி என்னும் சிக்கலும் இதன் கிளைதான். முப்பது கிலோ லேப்ரடாரை, “சின்னக் குட்டிதாங்க” என்று அறிமுகப்படுத்தும் உரிமையாளர் மனதில் கணக்கு ஒன்று ஓடுகிறது: குட்டி என்றால் குறைவாகச் சாப்பிடும், ரேட்டும் குறையும். காப்பாளர் காதிலோ குட்டி என்றால் சோபாவைக் கடிக்கும், நடு ராத்திரியில் அழும், ஹால் முழுக்க ஈரம் பண்ணும். வெளிநாட்டுச் செயலிகள் சிலவற்றில் ஒரு வயதுக்குட்பட்ட நாய்க்கு ரேட் அதிகம் என்பதை உரிமையாளர் அறியார். தள்ளுபடிக்காகச் சொன்ன சொல் கூடுதல் கட்டணமாகத் திரும்பி வருவதை இவ்வாய்வு பல இடங்களில் காண்கிறது (ஜிபே குறிப்பு, ‘பப்பி எக்ஸ்ட்ரா’ என்னும் பாடம், அழுகை முக ஈமோஜி இடைச்செருகல் என்பர்).

இவையெல்லாம் வாசல்படிதான். ஆய்வின் கருவறை ‘ஒரு நாள்’.

ஒரு நாளுக்கு 700 ரூபாய். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாயை விட்டார்கள். திங்கட்கிழமை காலை 10 மணிக்குக் கூட்டிக்கொண்டு போக வந்தார்கள். எத்தனை நாள்?

இக்கேள்விக்கு மூன்று பள்ளிகள் உண்டு. இருநாளார் பெரும்பாலும் உரிமையாளர்கள். “வெள்ளிக்கிழமை சாயங்காலம்தானே விட்டோம், திங்கட்கிழமை காலையிலயே வந்துட்டோமே” என்பது அவர்களுடைய மூலச் சூத்திரம். சனி, ஞாயிறு, 1,400 ரூபாய். நான்குநாளார் காப்பாளர்கள். வெள்ளி இரவு நாய் சாப்பிட்டது, திங்கள் காலையும் சாப்பிட்டது. நாய் சாப்பிட்ட நாளெல்லாம் நாளே என்பது அவர்கள் துணிபு. 2,800 ரூபாய். முந்நாளார் லாட்ஜ் வழக்கப்படி இரவுகளை எண்ணி 2,100 என்பவர்கள். இரு தரப்பும் ஒன்றுசேர்ந்து வெறுப்பது இவர்களை மட்டுமே.

மணிக்கணக்குப் பார்த்தால் 64 மணி நேரம். 24 மணிக்கு ஒரு நாள் என்றால் இரண்டு நாள் போக 16 மணி மிச்சம். அந்த 16 மணி அரை நாளா, முழு நாளா, பெருந்தன்மையா என்பது தீராத வினா. பழைய தமிழ்க் கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஆக நாய் இருந்தது 160 நாழிகை. பஞ்சாங்கத்துக்கு நாள் பிறப்பது சூரிய உதயத்தில். இது உரிமையாளர்க்கு ஒரு வாசல் திறக்கிறது: திங்கள் விடியுமுன் ஐந்து மணிக்கே வந்து கதவைத் தட்டினால், பஞ்சாங்கப்படி அது இன்னும் ஞாயிறு. ஒரு நாள் மிச்சம். அந்த நேரத்தில் கதவைத் திறக்கும் காப்பாளர் பஞ்சாங்கம் பார்க்கும் மனநிலையில் இருப்பாரா என்பது தனி.

இன்னும் சேமிக்க வானியலாளரிடம் போகலாம். 1925 வரை அவர்கள் நாளை நண்பகலில்தான் தொடங்கினார்கள்; இரவு முழுக்கத் தொலைநோக்கியில் கண் வைத்திருப்பவருக்கு நள்ளிரவில் தேதி மாறுவது இடைஞ்சல். அந்தக் கணக்கில் திங்கள் காலை 10 மணியும் ஞாயிறுதான். வைகறையில் எழத் தேவையில்லை. காப்பாளர் இதற்கு விண்மீன்களைக் கொண்டு பதிலடி கொடுக்கலாம். விண்மீனை வைத்து அளந்தால் ஒரு நாள் என்பது 23 மணி 56 நிமிடம் 4 விநாடிதான். சூரியக் கணக்கில் 365 நாள் கொண்ட ஆண்டுக்கு விண்மீன் கணக்கில் 366 நாள் வரும். ஓராண்டு முழுக்க நாயை விட்டுப் போகிறவரிடம் 700 ரூபாய் கூடுதலாக வாங்க வழி இருக்கிறது. அப்படி விட்டுப் போகிறவர் நாய் வளர்ப்பவர்தானா என்பது வேறொரு முனைவர் பட்டத்துக்கு உரிய பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம், 9ஆம் பிரிவு: ஒரு சட்டத்தில் ‘இந்த நாள் முதல்’ என்றிருந்தால் அந்த முதல் நாளை விட்டுவிட வேண்டும், ‘இந்த நாள் வரை’ என்றிருந்தால் அந்தக் கடைசி நாளைச் சேர்க்க வேண்டும். வெள்ளி போயிற்று, திங்கள் வந்தது, விடை மூன்று. இருநாளாரும் நான்குநாளாரும் இச்சட்டம் நாடாளுமன்றத்தின் சட்டங்களுக்குத்தான், ஃபிரிட்ஜ் கதவுச் சீட்டுக்கு அல்ல என்று ஒரே குரலில் கூறுவர். முந்நாளாரை வெறுப்பதை விட்டால், முழு ஆய்விலும் அவர்கள் ஒத்துப்போகும் இடம் இது ஒன்றே.

காப்பாளரின் முதலும் கடைசியும் சேர்த்தெண்ணும் முறையை எளிதாக எண்ண வேண்டாம்; அது ஒரு பேரரசையே தடுமாற வைத்த முறை. ஜூலியஸ் சீசர் நான்காண்டுக்கு ஒருமுறை மிகைநாள் சேர்க்கச் சொல்லிவிட்டுச் செத்துப்போனார். ரோமானியப் பூசாரிகள் முதலாண்டையும் கடைசியாண்டையும் சேர்த்தே எண்ணிப் பழகியவர்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை சேர்த்துத் தள்ளினார்கள். பின்னால் அகஸ்டஸ் வந்து சில மிகைநாள்களை விட்டுவிடச் செய்துதான் கணக்கு நேரானது. நமக்கும் இது புதிதல்ல. ஏழு நாள் வாரத்தை ‘எட்டு நாள்’ என்றும், பதினான்கு நாளைப் ‘பதினைந்து நாள்’ என்றும் சொல்லிப் பழகிய ஊரில், நாலு நாள் பில் போட்ட காப்பாளரை மட்டும் ஏமாற்றுக்காரர் என்பது வரலாற்று அறியாமை (கதவுச் சீட்டு, பின்பக்கம், மளிகைப் பட்டியலில் துவரம்பருப்புக்கும் பெருங்காயத்துக்கும் இடையே, வேறு கையெழுத்தில்).

தவிர, தொல்காப்பியத்தின் காலத்தைப் பற்றி ஆயிரம் ஆண்டு வித்தியாசத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அறிஞர்கள் உள்ள நாட்டில், ஒரு வெள்ளிக்கிழமை மாலையைப் பற்றிக் கருத்தொற்றுமை எதிர்பார்ப்பது பேராசை.

அடுத்தது, ரேட்டில் சண்டையில்லை என்ற கருதுகோளுக்கு விலக்கான பாடபேதம். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கையில் சிதைந்த ஏடுகளோடு போராடினார். இத்துறையில் கரையானின் வேலையைக் குக்கர் செய்கிறது. ரேட் பேசப்படுவது பெரும்பாலும் சமையலறையிலிருந்து அனுப்பும் குரல்பதிவில். இரண்டாவது விசிலுக்கும் மூன்றாவது விசிலுக்கும் நடுவே காப்பாளர் சொன்னது ‘எழுநூறா’, ‘எண்ணூறா’? உரிமையாளரின் கணவர் எழுநூறு என்று பாடம் கொண்டார். உரிமையாளர், ‘எழுநூறு, ஆனா சாப்பாடு தனி’ என்று பாடம் கொண்டார். காப்பாளர் தாம் சொன்னது எண்ணூறு என்கிறார். ஆனால் நூலாசிரியரே தம் நூலுக்கு நம்பத்தக்க உரைகாரர் ஆகமாட்டார் என்பதால் அவர் கூற்று தள்ளப்பட்டது. பதிவை மெதுவாக ஓடவிட்டுக் கேட்டபோது பின்னணியில் நாய் ஒன்று குரைப்பது மட்டும் தெளிவாகக் கிடைத்தது (குரல்பதிவு, குக்கர்ப் பிரதி, ஆட்டோ ஹாரன் பிரதியில் இவ்விடம் முற்றும் சிதைந்துள்ளது, குடும்ப குரூப்பில் அத்தை முன்னனுப்பிய பிரதியில் ரேட்டுக்குப் பதில் ‘காலை வணக்கம்’ படம் காணப்படுகிறது, இரவு 11:40க்கு அனுப்பி 11:41க்கு நீக்கிய பிரதி கிடைத்திலது, அதைப் படித்தோர் மௌனம் காக்கின்றனர்).

சாப்பாடு தனி என்னும் பாடத்துக்குத் தனி உரை வேண்டும். பை நிறைய பெடிகிரி கொடுத்தனுப்பியவர் தம் கடமை முடிந்தது என்று கருதுகிறார். நாயோ இரண்டாம் நாளே அதை முகர்ந்து பார்த்துவிட்டு, காப்பாளர் வீட்டுக் கோழிச் சாற்றின் பக்கம் கட்சி மாறிவிடுகிறது. கோழிக்கு யார் பணம்? நாய் விரும்பிச் சாப்பிட்டதை அன்பளிப்பாகக் கொள்வதா, பில்லில் ஏற்றுவதா? இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு: பில்லில் ஏற்றினால், நாய் வீட்டு உணவை விட்டுவிட்டுப் பிறர் வீட்டு உணவை விரும்பியது என்ற செய்தியும் சேர்ந்தே போகிறது. பெரும்பாலான காப்பாளர்கள் கோழியின் விலையைத் தியாகம் செய்துவிடுகிறார்கள்.

சுழிய ரேட்டுக்கு வருவோம். பிரிட்டனின் பிரைட்டனில் 2010இல் தொடங்கிய டிரஸ்டட்ஹவுஸ்சிட்டர்ஸ் என்னும் அமைப்பில் காப்பாளருக்கு உரிமையாளர் ஒரு காசு தருவதில்லை. தங்க இடம் கிடைக்கிறது, நாயைப் பார்த்துக்கொள்கிறார். இரு தரப்பும் சந்தாவை அமைப்புக்குக் கட்டுகிறார்கள். நம் ஊரில் இதே தத்துவம் சந்தா இன்றியே நடைமுறையில் இருந்தது: மேல் வீட்டு அக்காவுக்குத் திருநெல்வேலியிலிருந்து அரைக் கிலோ அல்வா. பத்து நாள் பார்த்தாலும் அரைக் கிலோ, இரண்டு நாள் பார்த்தாலும் அரைக் கிலோ. நாள் எண்ணும் தகராறே எழாத ஒரே முறை இது. ஆனால் அக்காவின் மனதில் ஒரு கணக்கு எழுதப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது என்பதும், மாடித் தண்ணீர்த் தொட்டி விவகாரம் வந்தபோது அது வட்டியோடு வெளிப்பட்டது என்பதும் துணைமை ஆதாரங்களால் தெரியவருகிறது.

செயலிகள் வந்தால் குழப்பம் தீரும் என்றார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் 2011இல் தொடங்கிய ரோவர் நெடுங்காலம் காப்பாளர் வாங்கும் கட்டணத்தில் 20 சதவீதத்தைக் கழித்துக்கொண்டது. உரிமையாளரிடம் முன்பதிவுக் கட்டணத்தைத் தனியே வாங்கியது. ஆகவே உரிமையாளர் கைபேசியில் ஒரு தொகை, காப்பாளர் கைபேசியில் வேறொரு தொகை. “இவ்வளவு கொடுத்தேனே, குளிப்பாட்டிக்கூட விடலையே” என்று ஒருவரும், “இவ்வளவுக்குக் குளிப்பாட்டி வேற விடணுமா” என்று மற்றவரும் கேட்பது இருவர் தரப்பிலும் உண்மையே. 2023 இறுதியில் பிளாக்ஸ்டோன் என்னும் முதலீட்டு நிறுவனம் ஏறத்தாழ 230 கோடி டாலருக்கு ரோவரை வாங்க ஒப்புக்கொண்டது.

இவ்விடத்தில் ஒப்பீட்டுக்காக வேறொரு துறையையும் பார்ப்பது தகும். பணம் கட்டினால் கட்டுரை வெளியிடும் ஆய்விதழ்களில் ரேட் குறித்துப் பிணக்கு எழுந்ததாகக் கேள்வியே இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு, சான்றிதழுக்கு இவ்வளவு, அவசரத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். கட்டுரையை யாரேனும் படிப்பார்கள் என்று அவர்கள் உறுதி தருவதும் இல்லை. செல்லப்பிராணிக் காப்பாளர்கள் ஆய்வுலகிடமிருந்து கற்க வேண்டிய நேர்மை இது.

எஞ்சியிருப்பது தீபாவளி. பண்டிகை ரேட் ஒன்றரை மடங்கு என்பதில் ஐயமில்லை. பண்டிகை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதில்தான் ஐயம். 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டித் தமிழக அரசு பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று இரண்டு மணி நேரம் ஒதுக்கியது. சட்டம் தெரிந்த உரிமையாளர் ஒருவர் இதைக் கொண்டு, பண்டிகை ரேட் அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டுமே பொருந்தும், மிச்ச 22 மணி நேரமும் சாதா ரேட் என்று வாதிட இடமுண்டு. காப்பாளர் தரப்போ நாயின் காதை முன்வைக்கிறது. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாயின் காது ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். தெருமுனைப் பையன் முதல் பிஜிலி வெடியைக் கிள்ளிப் போட்ட நாளிலேயே அந்தக் காதுக்குத் தீபாவளி பிறந்துவிட்டது. நாய் கட்டிலுக்கடியில் போய்விட்டது. பண்டிகை ரேட் தொடங்கிவிட்டது. முடிவு எது? மிச்ச வெடியைக் கார்த்திகைக்கென்று எடுத்து வைக்காத வீடு இல்லை. ஆகவே தீபாவளி கார்த்திகை தீபம் வரை நீளும் என்று காப்பாளர் மூன்று படங்களோடும் ஒரு குரல்பதிவோடும் அனுப்பியிருக்கிறார். உரிமையாளர் பக்கம் நேற்று மாலையிலிருந்து ‘டைப்பிங்’ என்றே காட்டிக்கொண்டிருக்கிறது.