வயிற்றுக்குள் ஒரு வானிலை நிலையம்

சென்னையில் வானிலை பார்க்க நுங்கம்பாக்கத்தில் ஒரு நிலையம், மீனம்பாக்கத்தில் ஒரு நிலையம். மூன்றாவது, என் தொப்புளுக்கு நாலு விரற்கடை மேலே இருக்கிறது. முதல் இரண்டும் ‘ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்’ என்று மழுப்பும். மூன்றாவதுக்கு அந்தப் பேச்சே கிடையாது. வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழ ஆரம்பித்ததுமே இங்கே கடமுடவென்று இடி இறங்கிவிடும்.

“மழை வரப்போகுது” என்பேன்.

“ராத்திரி பரோட்டா தின்னா எல்லாந்தான் வரும்” என்பாள் மனைவி. அவளுக்கு அறிவியலில் நம்பிக்கை இல்லை.

கத்திரி வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பைக் குளிர்விப்பதற்காக ரத்தம் தோல் பக்கம் திரும்பிவிடுகிறது. வயிற்றின் பங்கு குறைகிறது, பசி மந்தமாகிறது. வேர்வையில் தண்ணீர் போக, மிச்சத்தைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்ள, காலையில் பேப்பரோடு கழிவறைக்குள் போகிறவர் வரி விளம்பரம் வரைக்கும் படித்துவிட்டுத்தான் வெளியே வருகிறார், அதுவும் வெறுங்கையோடு. ராத்திரி கரண்ட் போய்த் தூக்கமும் கெட்டிருந்தால் அன்றைக்கு அவரிடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது.

ஐப்பசி அடைமழை வேறு ரகம். சூரியன் நாலு நாள் தலை காட்டாவிட்டால் துணியும் காயாது, மனசும் காயாது. வெளிச்சம் குறைந்த குளிர்காலத்தில் வரும் மனச்சோர்வுக்கு 1984-இல் நார்மன் ரோசன்தால் குழுவினர் முறையாகப் பெயரே வைத்தார்கள். மேல்நாட்டில் அதற்குப் பிரகாசமான விளக்கின் முன் உட்காரவைத்து வைத்தியம் செய்கிறார்கள். நாம் எண்ணெய்ச் சட்டியின் முன் உட்கார்ந்து செய்துகொள்கிறோம்.

வாழைக்காயை நீளவாக்கில் கண்ணாடி மாதிரி சீவி, கடலை மாவில் பெருங்காயமும் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவும் கலந்து, முக்கி எடுத்து எண்ணெயில் நழுவவிட்டால் ‘சொய்ங்’ என்று ஒரு சத்தம் வரும். அந்த நொடியில் என் மனச்சோர்வில் பாதி இறங்கிவிடும். தட்டு காலியாகும்போது மீதியும் போய்விடும். எட்டு மணிக்கு நெஞ்சு கரிக்க ஆரம்பிக்கும். ஏப்பம் வரிசை கட்டும்.

“மழைக் குளிருக்கு வாயு புடிச்சிருக்குடா” என்று அம்மா ஓமத் தண்ணீரை நீட்டுவாள். அம்மா என் கட்சி.

பரிமேலழகரும் என் கட்சிதான். திருக்குறளின் மருந்து அதிகாரத்துக்கு உரை எழுதும்போது, ஆறு பெரும்பொழுதில் ஒன்றுக்கு ஆகும் உணவை இன்னொன்றில் உண்பது ஒவ்வாது என்கிறார். பஜ்ஜி எந்தப் பொழுதுக்கு உரியது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அமெரிக்காவிலும் எனக்கு ஆள் உண்டு. 1822-இல் மக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவருக்கு வயிற்றில் குண்டு பாய்ந்தது. புண் ஆறியும் துளை மூடவில்லை. வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட் விடுவாரா? உணவுத் துண்டை நூலில் கட்டி அந்தத் துளை வழியே தொங்கவிட்டு, வெளியே இழுத்து இழுத்துப் பார்த்தார். தெர்மாமீட்டரையும் உள்ளே விட்டு, வெளியே வெயிலா மூட்டமா என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டார். ஈர மூட்டமான நாளில் வயிற்றின் சூடு இறங்குகிறது, கோபம் வந்தால் செரிமானம் குழம்புகிறது என்று 1833-இல் புத்தகமே போட்டுவிட்டார். வயிற்றுக்குள் தெர்மாமீட்டரை விட்டுவிட்டு ஒருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

இவ்வளவு ஆதாரங்களோடு எங்கள் டாக்டரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“குடலுக்குன்னு தனி நரம்பு மண்டலமே இருக்கு சார். 10 கோடிக்கு மேல நரம்பு செல். உடம்புல இருக்கிற செரோடோனின்ல சுமார் 90 சதவீதம் அங்கதான் தயாராகுது. வேகஸ் நரம்பு வழியா குடலும் மூளையும் ஓயாம பேசிக்கிட்டே இருக்கும். மனசு கெட்டா வயிறு கெடும், வயிறு கெட்டா மனசு கெடும்.”

“அப்போ மழைதான் காரணம்?”

“அதை எழுதிப் பார்த்துத்தான் சொல்லணும். வானிலை, மனநிலை, சாப்பாடு, வயிறு. நாலு கட்டம் போட்டு தினம் எழுதிட்டு வாங்க.”

நேர்மையாகத்தான் எழுதினேன். நோட்டு மனைவி கையில் சிக்கியதுதான் வினை. வருமான வரி ஆபீசர் தோற்றார். மழை நாள்களை எல்லாம் விரலால் தொட்டு வந்தவள், மூன்றாவது கட்டத்தில் நின்றாள்.

“ஏங்க, மழை பெய்ஞ்ச அன்னிக்கெல்லாம் பஜ்ஜியும் பெய்ஞ்சிருக்கே?”

அடுத்த மழைக்குப் பரிசோதனை ஏற்பாடானது. அதே மழை, அதே ஜன்னல். அவளுக்கு பஜ்ஜி, எனக்கு ரசம் சாதம். ஒப்பிட்டுப் பார்க்க அப்படி இரண்டு பேர் வேண்டுமாம். அவளுக்கு அறிவியலில் திடீரென்று நம்பிக்கை வந்துவிட்டிருந்தது.

முடிவை மறைக்காமல் சொல்கிறேன். வயிறு கம்மென்று இருந்தது. ஒரு ஏப்பம் கிடையாது. மனசுதான் சுத்தமாகச் சரியில்லை. அவள் கடைசி பஜ்ஜியைச் சட்னியில் புரட்டிய விதத்தை நினைத்து விடிய விடியப் புரண்டேன். மனசு கெட்டால் வயிறு கெடும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். எனவே வருமுன் காப்போம் என்ற முறையில், அடுத்த மழைக்கு எனக்கும் நாலு போடச் சொல்லியிருக்கிறேன்.