மொய் எழுதுவது எப்படி?

கல்யாணத்துக்குப் போவதற்கு முந்தின இரவு பீரோவைத் திறந்து பழைய மொய் நோட்டை எடுங்கள். உங்கள் வீட்டு விசேஷத்தில் அவர்கள் எழுதியது எவ்வளவு என்று விரல் வைத்துத் தேடுங்கள். ‘சே, பாசத்தைப் போய் நோட்டில் தேடுகிறோமே’ என்று மனசு உறுத்தினால் கண்டுகொள்ள வேண்டாம். ரத்தம் குடித்து வாழும் வௌவால்கள் மனிதன் தோன்றும் முன்பிருந்தே இதைச் செய்துவருகின்றன, அதுவும் நோட்டு இல்லாமல்.

கோஸ்டாரிகாவில் அந்த வௌவால்களைக் கவனித்த ஜெரால்டு வில்கின்சன் 1984இல் அவற்றின் வரவு செலவை வெளியிட்டார். இரண்டு மூன்று இரவு சேர்ந்தாற்போல் இரை கிடைக்காவிட்டால் வௌவால் செத்துப்போகும். அதனால் வயிறு நிறைந்து திரும்பும் வௌவால், பட்டினி கிடப்பதன் வாயில் தான் குடித்த ரத்தத்தைக் கக்கிக் கொடுக்கும். எல்லாவற்றுக்கும் கொடுப்பதில்லை, கூடவே தொங்கிப் பழகியவற்றுக்குத்தான். பிற்பாடு ஜெரால்டு கார்ட்டரும் அவரும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கறாரானது. ரத்த சொந்தமா என்பதைவிட, முன்னால் எனக்குக் கொடுத்ததா என்பதே அங்கே அதிகம் எடுபடுகிறதாம். புதுக்கோட்டைப் பக்கம் ஆடி மாதம் நடக்கும் மொய் விருந்துகளில் கம்ப்யூட்டர் வைத்து ரசீது கொடுப்பதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

கணக்கு வராதவர்களும் பயப்பட வேண்டியதில்லை. இந்தக் கணக்கை நடத்துவதில் உணர்ச்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்று பரிணாம உயிரியலாளர் ராபர்ட் ட்ரிவர்ஸ் 1971லேயே சொல்லிவிட்டார். பதிலுக்குப் பதில் உதவி செய்து பிழைக்கும் விலங்குக்கு நன்றி, குற்ற உணர்வு, ஆத்திரம் மூன்றும் இருந்தால் போதும், பேரேடு தானாக நடக்கும். வாங்கியவனை நன்றி திருப்பிக் கொடுக்கச் சொல்லும். திருப்பாதவனைக் குற்ற உணர்வு தூங்கவிடாது. அவன் அப்படியும் தூங்கிவிட்டால், ஆத்திரம் எதிராளியை அவன் வீட்டு வாசலுக்கு அனுப்பி வைக்கும். 501 எழுதியவருக்கு 251 எழுதிவிட்டு சாம்பார் ஊற்றுகிறவர் முகத்தைக்கூட உங்களால் பார்க்க முடியவில்லை என்றால், உங்கள் உடம்பு நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

கொஞ்சம் அனுபவம் கூடியவர்களுக்கு ஒரு வழி உண்டு. அப்பட்டமாக ஏமாற்றுகிறவனை ஊரே கண்டுபிடித்துவிடும். வாங்கியதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்துத் திருப்புகிற நாசூக்கான ரகம் ஒன்றை ட்ரிவர்ஸ் தனியாக விவரித்திருக்கிறார். படித்தால், மண்டபத்தில் கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது போலவே இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இருபது வருடத்துக்கு முன்பு வாங்கிய 500ஐ இன்றும் 500ஆகவே எழுதுங்கள். நோட்டைப் பிரித்துக் காட்டினால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. பவுன் விலையை அவர்கள் பேச்சில் இழுத்தால் மட்டும் எழுந்து கை கழுவப் போய்விடவும்.

நீங்கள் தாய்மாமன் என்றால் மேற்கண்ட எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டனின் விதி. அவர் 1964இல் எழுதியதைச் சுருக்கினால், ரத்தத்தில் எத்தனை பங்கு பொதுவோ அத்தனை பங்குக்குத் தியாகம் கட்டுப்படியாகும். இன்னொரு உயிரியலாளரான ஜே.பி.எஸ். ஹால்டேன் இதை முன்பே வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு: இரண்டு சகோதரர்களுக்காகவோ எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்களுக்காகவோ உயிரை விடலாம், அதற்குக் குறைந்து முடியாது. (இந்தியக் குடிமகனாகி, அதே 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானவர் அவர். எத்தனை மொய் எழுதினாரோ.) அக்கா பிள்ளை உங்களுக்குக் கால் பங்கு. அப்பா யார் என்பதில் ஊர் எதை வேண்டுமானாலும் பேசலாம், அம்மா யார் என்பதில் பேச்சுக்கு இடமில்லை; அதனால்தான் உலகின் பல சமூகங்களில் மாமன் இத்தனை செலவழிக்கிறான் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அந்த மாமனே மாப்பிள்ளையாகவும் வந்து உட்கார்ந்த நம் குடும்பங்களைக் கொடுத்திருந்தால் ஹாமில்டன் பென்சிலைக் கீழே வைத்திருப்பார்.

மைக் இருக்கும் மண்டபமாகப் பார்த்து எழுதுவது நல்லது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், டீ குடித்தவர்கள் தாங்களே காசு போடும் பெட்டி ஒன்றுக்கு மேலே ஒரு வாரம் பூப்படம், ஒரு வாரம் முறைத்துப் பார்க்கும் கண்களின் படம் என்று மாற்றி மாற்றி ஒட்டினார்கள். 2006இல் வந்த முடிவு: கண்கள் பார்த்த வாரங்களில் வசூல் ஏறக்குறைய மூன்று மடங்கு. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகள் எல்லாம் இதற்கு ஒத்துவரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் வெறும் படத்தை நம்பினார்கள். பெயர், ஊர், தொகை மூன்றையும் ஒலிபெருக்கியில் வாசிக்கும் ஏற்பாடு அவர்களிடம் இல்லை.

விசேஷ வீட்டுக்காரர்களுக்கு ஒரே எச்சரிக்கை. 2003இல் சாரா பிராஸ்னனும் பிரான்ஸ் டி வாலும் கபுச்சின் குரங்குகளோடு பண்டமாற்று நடத்தினார்கள். வில்லையைத் திருப்பிக் கொடுத்தால் வெள்ளரித்துண்டு. குரங்குகளுக்கு அது சம்மதமாகத்தான் இருந்தது, பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை போகும்வரை. அப்புறம் சில வெள்ளரியை வாங்க மறுத்தன, சில வாங்கித் தூக்கி எறிந்தன. எனவே தாம்பூலப் பையில் சிலருக்குத் தேங்காய், சிலருக்குச் சாத்துக்குடி என்று போட வேண்டாம்.

ஒரு வீட்டில் மட்டும் இந்தக் கையேடு உதவாது. இனி விசேஷம் எதுவும் நடக்க வாய்ப்பில்லாத வீடு. பேத்தியின் கல்யாணத்தோடு கணக்கை முடிக்கப்போகிற கிழவி. திரும்பி வராது என்று தெரிந்தே 2,001 எழுதுகிறீர்கள். பரிணாமக்காரர்களிடம் இதற்கும் பதில் இருக்கிறது: ஊரில் நல்ல பெயர் கிடைக்கும், அதனால் நாளை நாலு பேர் உங்களை நம்பிக் கொடுப்பார்கள். அப்படியே இருக்கட்டும். ஆனால் கிழவி கையைப் பிடித்துக்கொள்ளும்போது தொண்டை அடைக்கிறதே, அதில் ஊரும் இல்லை, பெயரும் இல்லை. லாபம் பார்த்துக் கொடுப்பவனை யாரும் நம்பமாட்டார்கள் என்பதால், லாபக் கணக்கை நம் கண்ணுக்கே காட்டாமல் இயற்கை மறைத்துவிட்டது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. கிழவி வீட்டில் இதையெல்லாம் பேச வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கடைசியாக, கவரின் மேல் இனிஷியலையும் ஊரையும் தெளிவாக எழுதவும். அதே பெயரில் அந்த ஊரில் இன்னொருவர் இருந்தால், உங்கள் பெருந்தன்மை முழுக்க அவர் மகள் சடங்கில் போய் வரவாகிவிடும்.