நாட்டரசன்கோட்டை மாங்காய்ப் பச்சடியும் சுட்ட கோழியும்: ஒரு கறையியல் நோக்கு

மாங்காய்ப் பச்சடி குறித்து முழுமையான ஆய்வு எதுவும் இதுவரை வெளிவரவில்லை. தமிழாய்வுலகுக்கு இது பெரும் இழுக்கு. சங்க இலக்கியத்தில் மேலாண்மை, காப்பியங்களில் மேலாண்மை, நீதி நூல்களில் மேலாண்மை என்று ஆண்டுதோறும் கருத்தரங்குத் தொகுப்புகள் வந்துகொண்டேயிருக்கின்றன. மாங்காயை மேலாண்மை செய்ய மட்டும் ஓர் ஆள் இல்லை. அக்குறை நீக்குதலே இக்கட்டுரையின் நோக்கம் என்க.

ஆய்வு எல்லை: சிவகங்கையை அடுத்த நாட்டரசன்கோட்டை. அதில் ஒரே வீடு. அவ்வீட்டில் அடுப்படி. முகப்பிலும் வளவிலும் ஆய்வாளன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூணில் சாய்ந்து சிந்திக்கலாம். அடுப்படிக்குள் கால் வைத்தால் தேங்காய் துருவச் சொல்லிவிடுவார்கள். ஆகவே தரவுகள் அனைத்தும் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று திரட்டப்பட்டவை.

கருதுகோள்: மேலைநாட்டார் சுட்ட இறைச்சியின்மேல் தடவும் பார்பிக்யூ சாஸ், நம்மூர் மாங்காய்ப் பச்சடியே.

முடிவு: ஆம். (முடிவை நிறுவிவிட்டு ஆய்வைத் தொடங்குவது இன்று பரவலாகக் கையாளப்படும் முறையியல். அதில் நான் புதுமை எதையும் புகுத்தவில்லை.)

சொற்பிறப்பு: அதற்கென்று தனியே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பில் கை வைப்பது முறையன்று.

வகைப்பாடு: தயிர்ப் பச்சடி, இவ்வாய்வுக்குப் புறம்பானது. பருப்பு சேர்த்த மாங்காய்ப் பச்சடி, பெரிய அயித்தை வீட்டு மரபு. அவர்களோடு பேச்சுவார்த்தை தொடங்கியதும் ஆராயப்படும். வேப்பம்பூ தூவிய சித்திரைப் பச்சடி, கருத்தரங்குத் தலைமையுரை மாதிரி, ஆண்டுக்கு ஒருமுறை வரும். மறுக்காமல் விழுங்க வேண்டும்.

முன்னோர் ஆய்வு: இவ்வூரில் கம்பர் சமாதி இருக்கிறது. சா. கணேசன் காரைக்குடியில் 1939-இல் தொடங்கிய கம்பன் திருநாளின் நிறைவு, பங்குனி அத்தத்தன்று இங்கேதான் நடக்கும். பங்குனியில் மாங்காய் சந்தைக்கு வந்துவிடும். எனவே கம்பர் பச்சடி சாப்பிட்டாரா என்ற வினா தவிர்க்க முடியாதது. சாப்பிட்டார் என்பதற்குச் சான்று இல்லை. சாப்பிடவில்லை என்பதற்கும் இல்லை. இதைவிட மெலிந்த சான்றுக்கெல்லாம் முனைவர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். சாப்பிட்டது ஒன்பதாம் நூற்றாண்டிலா, பன்னிரண்டாம் நூற்றாண்டிலா என்பதில் மட்டும் அறிஞர்களுக்குள் முந்நூறு ஆண்டுத் தகராறு. எந்த நூற்றாண்டானாலும் அவர் இலையில் மிளகாய் இருந்திருக்காது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுக்கீசியர் கப்பலேறி 16ஆம் நூற்றாண்டில்தான் இந்தப் பக்கம் வந்தது. கம்பர் மிளகோடு சமாளித்திருக்க வேண்டும். பச்சடியின் தொன்மையை நிறுவ வந்த எனக்கு இந்தத் தகவல் உவப்பாக இல்லை. ஆகவே இதை இங்கேயே விட்டுவிட்டு மூலச் சுவடிக்குப் போகிறேன்.

சுவடி என்பது பால் கணக்கு நோட்டு. அதன் பின்னட்டை உட்பக்கத்தில், பென்சிலில், பச்சடிக் குறிப்பு ஐந்து வரி. காலம் கணிப்பது எளிது. பால் விலை அணாவில் இருக்கிறது. நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரல் 1. ஆகவே சுவடி அதற்கு முந்தியது. ஆனால் நான்காம் வரிக்குமேல், நீலப் பந்துமுனைப் பேனாவில், “மிக்ஸியில் ஒரு சுற்று” என்று இருக்கிறது. இது இடைச்செருகல். செருகியவர் யார் என்று வீட்டில் விசாரித்தேன். எல்லோரும் ஒருமுகமாக இன்னொருவரைக் காட்டினார்கள்.

மூன்றாம் வரியில்தான் சிக்கல். “வெல்லம் அரை” வரை தெளிவு. அடுத்து ஒரு கறை. அது மறைத்த அளவைப் பெயர் எது என்பதில் மூன்று கட்சிகள் உள. அரை வீசை என்பார் ஒரு சாரார். வீசை ஏறத்தாழ 1.4 கிலோ. இரண்டு மாங்காய்க்கு அதில் பாதி போட்டால் பச்சடி ஆகாது, பாகு காய்ச்சியதாகும். அரை அச்சு என்பார் மற்றொரு சாரார். அதைச் சாப்பிட்டவர்களுக்கு மாலை வரை பல் கூசும். அரைக் கிலோ என்பாரை ஊர்கோலமாய் அழைத்துவந்து கேட்டாலும் அணாக் காலத்தில் கிலோ ஏது என்ற கேள்விக்குப் பதில் இராது.

உரையாசிரியர் கருத்தும் ஒருபடித்தாய் இல்லை: “கண்ணளவுதான்” (அப்பத்தா, வாய்மொழி, காலை, காப்பிக்கு முன்). “கண்ணளவுன்னு யாரு சொன்னா?” (அப்பத்தா, வாய்மொழி, அதே காலை, காப்பிக்குப் பின்). மேலும் காண்க: பெரிய அயித்தை வீட்டுப் படி, செவ்வாய்ப் பொங்கலுக்கு முதல்நாள் இரவல் போய் மாசியில் திரும்பியது, இரண்டு தாள் குறைவு, எலி தின்ற ஓரம் நீங்கலாக; ஒப்பிடுக: சாமான் அறை, மூன்றாம் அடுக்கு, மங்குச் சட்டி, அடிப்புறம், பெயர் வெட்டிய இடத்தில் எழுத்து தேய்ந்தது; மாறுபடுவது: அதன் மூடி.

அளவைப் பெயர் தெரியாவிட்டால் போகட்டும். கறை எதனால் ஆயிற்று? ஆய்வின் உயிர்நிலை இங்கே இருக்கிறது. நல்லெண்ணெய் எனின் பச்சடி சோற்றுக்குத் தொட்டுக்கொண்டது. நெய் எனின் சித்திரைப் பச்சடி. கோழிக் கொழுப்பு எனின், சுட்ட கோழியைப் பிடித்த கையோடு யாரோ இந்தக் குறிப்பைப் பார்த்துப் பச்சடியைத் தடவியிருக்கிறார்கள், கருதுகோள் வென்றது. கறையியல் என்ற துறை தமிழில் இல்லாமையால் அதை நானே தோற்றுவித்தேன். துறைத் தலைவரும் நானே.

முதற்சோதனை, எறும்பு. நோட்டை இரவு முழுக்கத் திண்ணையில் வைத்ததில் எறும்புகள் கறையின் கீழ்விளிம்பில் மட்டும் மொய்த்தன. கீழ்விளிம்பு வெல்லம். இரண்டாம் சோதனை, பூனை. பூனை கறையின் மேல்விளிம்பை முகர்ந்தது, நக்கியது, என்னைப் பார்த்தது, மறுபடி நக்கியது. கோழி. நெய்யையும் பூனை நக்கும் என்று மறுப்பாளர் கூறக்கூடும். ஆகலின் மின்கட்டண அட்டையில் ஒரு மூலையில் நெய்யும் ஒரு மூலையில் கோழிக் கொழுப்பும் தடவி ஒப்பாய்வுக்கு வைத்தேன். பூனை முதலில் கொழுப்புக்குப் போயிற்று. பயணப்படியோ பொன்னாடையோ எதிர்பாராமல் கருத்துச் சொன்ன புறநிலை அறிஞர் இத்துறையில் இது ஒன்றுதான். சோதனையின் ஆர்வத்தில் அன்றிரவே அது பின்னட்டையைக் கிழித்துத் தின்றுவிட்டது. மூலம் அழிந்தமையால் இம்முடிவை இனி எவரும் மறுக்க இயலாது.

வணிக வரலாறும் துணை நிற்கிறது. கெச்சப் என்பது தென்கிழக்காசியத் துறைமுகங்களில் ஹொக்கியன் சீனர் பயன்படுத்திய மீன் சாறு; ஆங்கிலேயர் அதை அங்கே சுவைத்துத் தம் ஊருக்குக் கொண்டுபோனார்கள். தக்காளி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது; ஹெய்ன்ஸ் கம்பெனி தக்காளிக் கெச்சப் விற்கத் தொடங்கியது 1876-இல். 1837-இல் கடைக்கு வந்த லீ அண்ட் பெரின்ஸ் வூஸ்டர் சாஸில் புளியே இருக்கிறது. பினாங்கில் ஆங்கிலேயர் இருந்தனர். பினாங்கில் நம் செட்டியார்களும் பெட்டகமும் பேரேடுமாக வட்டிக்கடை வைத்திருந்தனர். ஆகவே. ஆங்கிலேயர் கெச்சப்பை அறிந்தது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில். நகரத்தார் பெருவாரியாக அக்கரை போனது 19ஆம் நூற்றாண்டில். இந்த முரண்பாட்டை அடிக்குறிப்புக்குத் தள்ளினேன். அடிக்குறிப்பை அச்சகத்தார் தள்ளிவிட்டார்கள்.

இனிச் செய்முறை. சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பி பின்கட்டில் செங்கல் அடுக்கி, கம்பி வலை போட்டு, கோழி சுட்டான். கிளிமூக்கு மாங்காய் இரண்டைத் தோல் சீவி, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சோம்போடு நல்லெண்ணெயில் வதக்கிக் கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்தாயிற்று. முதலிலேயே வெல்லத்தைப் போடப் போனவனை அப்பத்தா தடுத்தார். இனிப்பு முந்தினால் மாங்காய்த் துண்டு விறைத்து நிற்கும், குழையாது. காயிலுள்ள பெக்டின் கரைந்தால்தான் சாறு திரளும். பழுத்த பழத்தில் அது சிதைந்துவிடுவதால் சாஸ் நீர்த்துப் போகும். புளிப்புக்கு வினிகரும் வேண்டாம், காயே பார்த்துக்கொள்ளும். மாங்காய் மசிந்தபின், கரைத்து மண் வடிகட்டிய வெல்லம். சர்க்கரை ஆலையில் பிரித்தெடுத்த மொலாசஸை அமெரிக்கர் சாஸில் திரும்ப ஊற்றுகிறார்களே, அந்தக் கருப்பும் வாசமும் வெல்லத்தை விட்டுப் பிரியாமலே இருக்கிறது. பிறகு சட்டி கெட்டியாய்க் கொதிக்கும்போது ஒவ்வொரு கொப்புளமும் வாய் திறந்து மூடி, கடைசியில் ஒன்று பளீரென்று புறங்கையில் தெறிக்கும். அதுதான் பதம். உப்பு, மிளகுத்தூள், இறக்கிவிடலாம்.

தம்பி கோழியை வலையில் போட்டதுமே சாஸைப் பூசினான். ஐந்து நிமிடத்தில் மேலெல்லாம் கரி, உள்ளே பச்சை.

“ஏய்யா, வெல்லத்தக் கொண்டுபோயி நெருப்புல காட்டுனா கருகாம கும்மியா அடிக்கும்?” (அப்பத்தா, வாய்மொழி, பின்கட்டு, புகைக்கு மேற்கே; சாட்சி: கொழுந்தியாள் இருவர், எதிர்வீட்டு ஆச்சி மதில்மேலிருந்து.)

இரண்டாம் கோழிக்கு உப்பும் மஞ்சளும் மட்டும். அது வெந்து முடிகிற கடைசி ஐந்து நிமிடத்தில், கறிவேப்பிலைக் கொத்தைச் சாஸில் தோய்த்து இரண்டு தடவை. தோல் பளபளவென்று சிவந்தது. இதுபற்றிய விரிவான அட்டவணை தயாரிக்கப்பட்டது. அதன்மேல் எலும்பு வைக்கப்பட்டது.

வாய்மொழித் தேர்வு முகப்பில் நடந்தது. புறத்தேர்வாளராக வந்த சம்பந்தி, ஆய்வேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதற்பக்கம் வரை புரட்டி, மேற்கோள்கள் போதவில்லை என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு போதும் என்றார். கொடுத்தனுப்பிய சாஸ் பாட்டிலின் மூடி இறுக்கமாக இல்லை, காரில் கவிழும் என்பது அவர் சொன்ன ஒரே திருத்தம். திருத்தம் ஏற்கப்பட்டது, மூடிக்கடியில் பாலித்தீன் தாள் வைத்து ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தோம்.