தெற்கே போய் கிழக்கே பறப்பது

தருமபுரியில் விமான நிலையம் கிடையாது. அதனால் என்ன? தருமபுரிக்கும் சென்னைக்கும் விமானத் தொலைவு கேட்டால் கைபேசி தயங்காமல் சொல்கிறது: சுமார் 240 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். எங்கே ஏறுவது என்று மட்டும் கேட்கக் கூடாது. நான்கு ரோட்டில் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கோட்டையில் வேலை என்றால் பொழுது சாயும்போதே பஸ் பிடித்து மொரப்பூர் போய்விடுவார். புளிசாதப் பொட்டலம், ஒரு துண்டு, தலைக்கு வைத்துக்கொள்ளத் துணிப்பை. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடிகிறபோது சென்ட்ரல். எத்தனை மணி நேரம் ஆச்சு என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. தூங்கின நேரத்தைப் பயணத்தில் யார் சேர்ப்பார்கள்?

அந்த மொரப்பூருக்கே எங்கள் ஊரிலிருந்து ஒருகாலத்தில் ரயில் ஓடியது. 1906இல் போட்ட குறுகிய பாதை. 1941இல், போர்க்காலத்தில், மூடிவிட்டார்கள். திரும்பப் போட 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல்லுக்கு நாங்கள் என்றும் குறை வைத்ததில்லை.

நான் முன்னேறியவன். சேலத்திலிருந்து விமானத்தில் போனேன். சேலம் என்பது பெயருக்குத்தான். ஓடுபாதை இருப்பது ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில். எங்களுக்கு அது வசதி, 50 கிலோமீட்டர் போலத்தான். கிழக்கே இருக்கிற சென்னைக்குப் போக முதலில் தெற்கே போக வேண்டும், அவ்வளவே. நடுவில் தொப்பூர் கணவாய். இறக்கத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டால் விமானத்தின் வேகத்தைப் பேசிப் பிரயோசனமில்லை என்பதால் லாரிக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கினேன். சோதனைக்கும் வரிசைக்கும் இன்னொரு மணி நேரம். பறந்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. மீனம்பாக்கத்தில் பெட்டிக்காக நின்று, மெட்ரோவில் சென்ட்ரல் வந்து, ஆட்டோ பேரம் முடித்து, பெரம்பூரில் அத்தை வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"எப்பப்பா கிளம்பின?"

சொன்னேன்.

"பஸ்ஸுல வந்திருந்தா இந்நேரம் சாப்பிட்டுக் கை கழுவியிருப்ப."

இந்த விமானமும் நிலையானதில்லை. உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் தொடங்கிய சேவை 2021இல் நின்றது; 2023 அக்டோபரில் வேறு கம்பெனி வந்தது. இடைப்பட்ட காலத்திலும் வான்வழித் தொலைவு ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும்.

ஓசூர் 2004 வரை எங்கள் மாவட்டம். கிருஷ்ணகிரியைப் பிரித்தபோது பேளகொண்டப்பள்ளியில் இருந்த தனியார் ஓடுபாதையும் அதோடு போய்விட்டது; வானம் மட்டும் எங்கள் பங்குக்கு வந்தது. 2024 ஜூனில் அதே ஓசூருக்கு, 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பேர் வந்துபோகும் பன்னாட்டு விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பெங்களூரு நிலையத்தின் ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் புது விமான நிலையம் வர ஒரு தடை இருக்கிறது. அதையும் தாண்டி வரட்டும். வந்தால் எங்களுக்கு நல்லதுதான். கிழக்கே இருக்கிற சென்னைக்கு, வடமேற்கே 90 கிலோமீட்டர் போய் ஏறிக்கொள்வோம்.