குடல்வாசி இயல்

உயிர்கள் கூடுவதும் பிரிவதும் மனத்தால் என்பது பழைய கொள்கை. இந்நூல் அதை மறுத்து, உறவுக்கு இலக்கணம் குடலில் உண்டு என்கிறது. களம் ஆனைக்குட்டம்; எல்லை அணைக்கரை முதல் பட்டாசு ஆலை வாசல் வரை. சான்றுகள் மட்டும் வெளியூர்.

கூடாவிட்டால் சாவன தலைவகை. கதவு நிலையை அரிக்கும் உலர்மரக் கரையான் இதில் அடங்கும். (புற்றுக் கரையான் பூஞ்சை பயிரிடும் சம்சாரி; அதை இங்கே சேர்க்கற்க.) தோலுரிக்கும்போது இதன் பின்குடல் உறையும் கழன்றுவிடும், மரத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்களும் கூடவே போகும். திரும்பப் பெறக் கூட்டாளியின் பின்புறமே கதி. கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போன கரையான் இல்லாதது இதனால்.

கூடத் தோன்றாதன அடுத்தவகை. கிருமியே படாமல் வளர்ந்த எலிகள், 2014இல் அயர்லாந்தின் கார்க் நகரச் சோதனையில், சக எலியை நாடும் வழக்கமான ஆர்வத்தைக் காட்டவில்லை. 2016இல் ஹூஸ்டனில், கொழுப்புத் தீவனம் தின்ற தாய்களின் குட்டிகளும் அப்படியே ஒதுங்கின. குடிநீரில் லாக்டோபேசில்லஸ் ராய்ட்டரி என்னும் பாக்டீரியாவைக் கலந்ததும் ஒட்டி உறவாடின. இதை நம்பி மாமியாருக்கு மோர் கொடுப்போர் அவரவர் பொறுப்பில் கொடுக்க.

தீவனப் பொருத்தம் பார்த்து வரன் தேடும் பழ ஈ ஐயவகை. 2010இல் டெல் அவிவில் குடல் பாக்டீரியாவே தரகர் என்றார்கள். 2017இல் இங்கிலாந்தில் செய்து பார்த்தவர்களுக்குப் பொருத்தம் கூடிவரவில்லை.

கூடிக் குடல் ஒத்தன இறுதிவகை. கென்யாவின் அம்போசெலியில் ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும் பபூன்களின் குடல்வாசிகள் ஒத்திருந்தன (2015). உறவு முந்தியா கிருமி முந்தியா என்று இவ்வகையில் கேட்கற்க, விடை வராது.

மனிதரும் இதில் அடக்கம். ஹோண்டுராஸின் 18 கிராமங்களில் 1,787 பேரை ஆராய்ந்தபோது (2024), ஒரே வீட்டில் வசிக்காத, உறவுமல்லாத நண்பர்களிடமும் ஒரே நுண்ணுயிர் ரகங்கள் இருந்தன. ஆனைக்குட்டத்தில் உட்பிரிவுகள்: ஆலையில் மருந்துக்கை கழுவித் தூக்குச்சட்டி திறந்து குழம்பு மாற்றிக்கொள்வோர், விருதுநகர் போய் ஒரே தட்டில் எண்ணெய் பரோட்டா பிய்ப்போர். பரோட்டா கொதியெண்ணெயில் பொரிவதால் நுண்ணுயிருக்கு அதில் வாழ்வில்லை. தட்டில் நுழையும் விரல்களே வாகனம்.

வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திவிட்டு, ஒரே தொட்டித் தண்ணீர் குடித்து, ஒரே பந்தியில் கை நனைக்கும் பங்காளிகள் எவ்வகையிலும் அடங்காமையின், பிற்சேர்க்கையில் காண்க. பிற்சேர்க்கை வழக்கு முடிந்தபின் எழுதப்படும்.